அப்பாவின் குரலைத் தேடிய சனிக்கிழமைகள்

இணையத்தில் தேடுவதென்றால் பெயரைத் தட்டினால் போதும் என்று சொன்னவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். அப்பாவின் பெயரைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. தோட்டத்தின் பெயரைத் தட்டினேன். தேயிலை விற்கிறவர்கள் வரிசையாக வந்தார்கள்.

அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். மாசி மாதம் வந்தால் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுவார். காமன் எரிந்து சாம்பலானதும் ரதி புருஷனைப் பறிகொடுத்துப் புலம்புவாள். அப்பாவின் புலம்பலைக் கேட்பதற்கென்றே பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் நடந்து வருவார்கள். எங்கள் லயத்து வீடுகளில் ரேடியோ இருந்தது, பதிவு செய்கிற கருவி யாரிடமும் இல்லை. அவர் குரல் ஒரே ஒரு தடவைதான் பதிவானது. தொண்ணூறுகளில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தோட்டத் துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கூத்துப் பார்க்க வந்தாள். சின்ன டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கூத்து முடிந்ததும் போய்விட்டாள். அதன் பிறகு அந்த டேப்பைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது.

செத்த வீட்டில் அம்மா அழவில்லை. எங்கள் பக்கத்தில் புருஷன் போனால் பெண்சாதி ஒப்பாரி வைத்து அழ வேண்டும். அழாவிட்டால் ஊர் வேறு கணக்குப் போடும். அம்மா தலைமாட்டில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். “கல்லு நெஞ்சுக்காரி” என்று அத்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். அத்தையை அந்த இடத்திலேயே வெளியே அனுப்பிவிட வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அம்மாவுக்கு அந்தச் சொல் தைத்துவிட்டது. அதன் பிறகு அவர் கோயிலுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டார்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார். “அந்த வெள்ளக்காரப் புள்ள புடிச்சிட்டுப் போன டேப்புல அப்பா குரல் இருக்குமில்ல? அத ஒருக்கா கேக்கணும்மா. எப்படியாச்சும் பாரு.”

அம்மா என்னிடம் எதையும் கேட்பவரல்ல. ஆகவே பார்த்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

நான் அப்போது பதுளையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாடசாலையின் சங்கீத ஆசிரியை யாழ்ப்பாணத்துக்காரர். விஷயத்தைச் சொன்னதும், “உந்தப் பழைய பதிவுகளையெல்லாம் இப்ப நெட்டில போடுகினம். கூத்து, நாடகம், பாட்டு எல்லாத்துக்கும் ஒரு தளம் இருக்கு, தேடிப் பாருங்கோ” என்று ஒரு துண்டுக் காகிதத்தில் முகவரி எழுதித் தந்தார். சனிக்கிழமை சந்தைக்குப் போகிற சாக்கில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த கொமினிகேஷன் கடைக்குப் போனேன். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கவும் போட்டோக் கொப்பி அடிக்கவும் ஆட்கள் வருகிற கடை. மூலையில் ஒரு கணினி இருந்தது. கடைக்கார நானா அதற்கு ஒரு பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார்.

தளத்தில் ஒரு தேடல் பக்கம் வந்தது. கலையின் வகை, நாடு, மொழி, ஆண்டு, நிகழ்த்தியவர், ஆணா பெண்ணா என்று எத்தனையோ கட்டங்கள். நான் டீச்சர். கட்டத்தைக் கண்டால் நிரப்பாமல் கை சும்மா இருக்காது. எல்லாவற்றையும் நிரப்பினேன். கிடைத்தது பூச்சியம். அடுத்த சனிக்கிழமை இன்னும் நுணுக்கமாக நிரப்பினேன். அப்போதும் பூச்சியம்.

“என்ன டீச்சர், பரீட்சை எழுதுறீங்களா?” என்றார் நானா.

கிண்டல்தான், ஆனால் சரியாகத்தான் சொன்னார். கூடுதலாகச் சொன்னால் கூடுதலாகத் தரும் என்று நினைத்திருந்தேன். அது அப்படியில்லை. நான் நிரப்பிய ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருந்தாததை அது தள்ளிவிட்டுக்கொண்டே வந்தது. அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பெயரை எடுத்தேன், ஆண்டை எடுத்தேன். நான் வைத்திருக்கிற சொல்லை விட்டுவிட்டு, அவர்கள் கொடுத்திருந்த வகைப் பட்டியலைத் திறந்து வாசித்தேன். கூத்து இருந்தது, சடங்கு இருந்தது, புலம்பல் என்றும் தனியாக ஒன்று இருந்தது. மூன்றிலும் இலங்கை என்று போட்டுத் தேடினேன். மட்டக்களப்பு வந்தது, யாழ்ப்பாணம் வந்தது, எங்கள் மலைதான் வரவில்லை. ஒரு கட்டத்தை மட்டும் நான் கழற்றவேயில்லை. ஆண் என்ற கட்டம். அப்பா ஆண்தானே, அதில் என்ன சந்தேகம்?

சலித்துப்போய் அந்த வாரக் கடைசியில் தோட்டத்துக்குப் போனேன். கிடைக்கவில்லை என்று சொன்னதும் அம்மா சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

“அந்தப் புள்ள கடைசிவரைக்கும் அவர பொம்பளன்னே நெனச்சிக்கிட்டுப் போயிருக்கும். சேலையும் கொண்டையுமா, காப்புக் கட்டினதுலருந்து எல்லாரும் ரதி ரதின்னுதானே கூப்பிட்டாங்க. போறப்ப அவரு கையில ஒரு வளையல குடுத்துட்டில்ல போச்சு.”

எனக்குச் சுரீரென்றது. எங்கள் தோட்டத்தில் ரதி வேஷம் ஆண்தான் கட்டுவார். அது எங்களுக்குப் பேசவே தேவையில்லாத விஷயம். அதனால் வெளியாளிடம் யாரும் சொல்லியும் இருக்கமாட்டார்கள்.

சனிக்கிழமை கடை திறக்கும்போதே வாசலில் நின்றேன். நாடு இலங்கை, வகை புலம்பல். ஆணை எடுத்துவிட்டுப் பெண் என்று போட்டேன். வந்தவற்றின் குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது. தேயிலைத் தோட்டம், எங்கள் ஊவா மாகாணம், கணவனை இழந்த மனைவியின் புலம்பல். பாடியவர், பெயர் தெரியாத பெண்.

ஒலித்துண்டு இறங்கி முடிய நானா இரண்டு தடவை தேநீர் குடித்துவிட்டார். ஹெட்போனை மாட்டினேன். முதலில் ஒரு செருமல். பாடுவதற்கு முன் அப்பா எப்போதும் அப்படித்தான் செருமுவார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அம்மாதான் முதலில் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை அம்மா பசறை வழியாக வருகிற பஸ்ஸில் இறங்கினார். அடகு வைக்காமல் மிச்சமிருந்த ஒரே பட்டுச் சேலையைக் கட்டியிருந்தார். கணினிக்கு முன்னால் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். குரல் வந்ததும் திடுக்கிட்டுத் திரும்பிக் கடை வாசலைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் காதிலிருந்ததைக் கழற்றாமலே, தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறார் என்று தெரியாமல் சொன்னார்.

“நான் அழுவ வேண்டியது எல்லாத்தையும் அவரே அழுது முடிச்சிட்டாரு. எனக்குன்னு என்ன மிச்சம் வச்சாரு? இன்னொருக்கா போடும்மா.”

போட்டேன். இந்த முறை அப்பாவோடு சேர்ந்து அம்மாவும் குரலெடுத்தார். அப்பாவின் குரல் அவர் காதுக்குள் மட்டும்தான் இருந்தது. எங்களுக்குக் கேட்டது அம்மாவின் ஒப்பாரி மட்டும். போட்டோக் கொப்பிக்கு வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். நானா எழுந்து வந்து, ஓடிக்கொண்டிருந்த கொப்பி மெஷினை நிறுத்தினார்.