கோர்ட்டில் வாசித்த கொலைச் சிந்து

இன்று சேலம் கோர்ட்டுக்கு வேறொரு வழக்கில் சாட்சி சொல்லப் போயிருந்தேன். எங்கள் வழக்குக்கு முன்னால் ராசிபுரத்து நெசவாளர் ஒருவரின் வழக்கு வந்தது.

அவருடைய தங்கையைப் புருஷன்காரன் வெட்டிக் கொன்றுவிட்டான். அதை ஒருவர் சிந்தாகப் பாடி அச்சடித்துச் சந்தை சந்தையாக விற்கிறார். அட்டையில் அந்தப் பெண் வெட்டுண்டு கிடக்கும் படம். அதை நிறுத்த வேண்டும் என்றுதான் அண்ணன் வந்திருந்தார்.

"நடந்ததைத்தானே பாடியிருக்கிறார்? ஜனங்களுக்கு இது புத்திமதி" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க, புத்தகத்தை வாசிக்கச் சொன்னார் மாஜிஸ்திரேட்.

குமாஸ்தா வாசித்தார். நல்ல குரல். வராந்தாவில் நின்றவர்களெல்லாம் ஜன்னலை அடைத்துக்கொண்டார்கள். அரிவாள் ஓங்குகிற இடத்தில் அண்ணன் கை கூப்பினார்.

"போதுமுங்க சாமி. தங்கச்சிய இன்னொருக்கா வெட்டறாப்பல இருக்குதுங்க."

"முழுக்கக் கேட்காமல் எப்படி ஐயா தீர்ப்புச் சொல்வது?"

மாஜிஸ்திரேட் கேட்டதிலும் தப்பில்லை.

"அப்படீன்னா கேஸே வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு அவர் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாசலில் கூட்டம் மரியாதையாக வழி விட்டது. அவர் தலை மறைந்ததும், புத்தகம் எங்கே கிடைக்கும் என்று ஒருவர் விசாரித்தார்.

திரும்பும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்தவர் விஷயத்தைக் கேள்விப்பட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"ஏனுங்க, அந்தப் பாட்டுல அப்படி என்னதானுங்க இருந்துச்சு?"

காதில் சரியாக விழவில்லை என்றேன்.

உங்களிலும் யாராவது கேட்பீர்கள். பதில் அதேதான்.