கவிழ்த்து வைக்கச் சொன்ன அப்பர்

நடந்தது வரிசையாக:

1. டிப்ளமாவில் என்னோடு லெதர் டெக்னாலஜி படித்த தோழி இப்போது போட்டோகிராபர். பேரணாம்பட்டில் வீட்டிலிருந்தே ஷூ தைக்கும் பெண்களைப் படமெடுக்க வேண்டும் என்றாள். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் வேலை செய்கிறேன். அந்த வீடுகள் எனக்குப் பழக்கம்.

2. ஒன்பது ஞாயிற்றுக்கிழமை அவளோடு போனேன். கதவைத் தட்டியது, எனக்குத் தெரிந்த உருதில் பேசிச் சம்மதம் வாங்கியது, தெர்மாகோல் அட்டையைப் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் திருப்பியது எல்லாம் நான்.

3. அந்தப் பெண்கள் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை. ஷூவின் மேல்பகுதியை, இங்கே அப்பர் என்போம், கவிழ்த்துப் பிடித்திருக்கும்போதுதான் படமெடுக்க வேண்டும். அடுத்த சீசன் டிசைன் வெளியே தெரிந்தால் தைத்தவருக்கு வேலை போய்விடும்.

4. சென்னையில் கண்காட்சி. நுழைந்ததும் கண்ணில் படும் பெரிய படத்தில் அப்பர் நிமிர்ந்திருந்தது.

5. அதே வாரம், படத்தில் இருந்த ஆபாவின் வீட்டுக்கு, கம்பெனி வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஏஜென்ட் தைப்பதற்கான அப்பர் கட்டுகளைக் கொண்டுவருவதை நிறுத்தினார்.

ஆபா என்றால் அக்கா. தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். முதல் நாள் கேமராவைப் பார்த்துவிட்டு, "கல்யாண ஆல்பமா எடுக்கறீங்க? மாப்ள எங்கம்மா?" என்று கேட்டுத் தானே சிரித்தவர்.

அந்தச் சிரிப்புதான் படத்தில் இருக்கிறது. பத்துத் தையலுக்கு ஒருமுறை, முனையில் சுருக்கம் ஒரே அளவாக விழுந்திருக்கிறதா என்று அப்பரை நிமிர்த்திப் பார்ப்பார்கள். கை பழகிய வேலை, நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. அந்த நேரம் கேமராவை இறக்கிவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். தோழிக்கும் இது டிப்ளமாவில் பாடமாக வந்ததுதான். தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று அவளால் சொல்ல முடியாது. நான் ஆபாவின் முகத்தில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பார்க்கவில்லை. அது என் தப்பு.

அவளுக்குப் போன் செய்து கேட்டேன்.

"உள்பக்கம் சாம்பல் கலர்டி. வெளிப்பக்கத்து பிரவுன் இல்லைன்னா ஃப்ரேமே செத்துப் போய்டும்."

"அவங்களுக்கு வேலை போச்சு."

"நா வேணும்னா செஞ்சேன்? ஆர்ட்னா கொஞ்சம் ரிஸ்க் இருக்கும்."

"யாரோட ரிஸ்க்?"

"நீ ரொம்ப பேஜார் பண்றடி" என்று வைத்துவிட்டாள்.

கண்காட்சிச் சுவரில், 'இப்பெண்களோடு இணைந்து உருவாக்கியவை' என்று எழுதியிருந்தார்கள். கீழே அவள் பெயர் மட்டும். என் பெயர் இல்லாதது எனக்குப் பெரிதில்லை. 'இணைந்து' என்ற அந்த வார்த்தையைத்தான் பொறுக்க முடியவில்லை. இணைந்து செய்கிறவர் வேண்டாம் என்று சொன்ன படம் சுவரில் ஏறக் கூடாது. எந்தப் படம் போகிறது என்று ஆபாவிடம் யாருமே காட்டவில்லை. காட்டச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.

ஏஜென்ட்டிடம் போனேன். அவளைக் கூட்டிவந்தது நான்தான் என்றேன். "கம்பெனில போன்ல அந்தப் படத்தைக் காட்டி என்னையே கேக்கறாங்கம்மா. நா இன்னா பண்றது?" என்றார்.

ஆபா வீட்டுக்கும் போனேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அந்தப் பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியாது. நீ கூட வந்தேன்னுதானே ஒக்கார வச்சேன்" என்றார். அன்று தேநீர் கொடுக்கவில்லை.

இன்றைய நிலை இது. நான் எழுதிக் கேட்டபிறகு சுவரிலிருந்து படத்தை இறக்கிவிட்டார்கள். அவளுடைய இணையப் பக்கத்தில் அது இன்னும் இருக்கிறது. மற்ற வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் நடந்ததைச் சொன்னேன். தங்கள் படமும் வேண்டாம் என்றார்கள். அதை எழுதி, கையெழுத்து வாங்கி அவளுக்கு அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. ஆபா பீடி சுற்றுகிறார். அப்பர் கட்டு இன்னும் வரவில்லை.