அரைச்சுற்று

செல்லாயிக்கு வலது முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. கால் எழுபது பாகைக்கு மேல் மடங்கவில்லை. ஆறாவது வாரத்துக்குள் தொண்ணூறு வராவிட்டால் மயக்க மருந்து கொடுத்துக் காலை வலிய மடக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவமனையில் பயிற்சி தரும் தினேஸ்வரி சொன்னாள்.

“வீட்டுல நின்ன எடத்துலயே மிதிக்கிற சைக்கிள் ஒண்ணு வாங்கிப் போடுங்க அங்கிள். தினமும் ஏறணும்.”

அந்தப் பொறுப்பைக் கணவர் பிச்சைமுத்து எடுத்துக்கொண்டார். அதனால்தான் தாமதம்.

ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இருபத்தொன்பது வருடம் லாரிகளை எடை போட்டவர் அவர். எடை கூட்டிக் காட்ட லாரிக்காரர்கள் பழக்குலைகளுக்கு அடியில் மணல் கொட்டி வருவார்கள். உள்ளே வரும்போது லாரியின் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கும், வெளியே போகும்போது காலியாக இருக்கும். ஒருவன் மைத்துனனையே குலைகளுக்குள் படுக்க வைத்து எடை மேடைக்குக் கொண்டுவந்தான். மைத்துனன் தும்மியதால் மாட்டிக்கொண்டான். ஓய்வு பெற்றுப் புந்தோங்கில் வீடு வாங்கியபோது பிச்சைமுத்து அதை நான்கு தடவை அளந்தார்.

ஈப்போவில் ஓர் உடற்பயிற்சிச் சாதனக் கடையில் தர்மேந்திரன் என்ற விற்பனையாளர் அவரிடம் அகப்பட்டார்.

“இது பதினெட்டு கிலோ சக்கரம் அங்கிள். சத்தமே வராது.”

“கழட்டிக் காட்டுங்க.”

“அதெல்லாம் கழட்ட முடியாது லா.”

“அப்ப பதினெட்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

இரண்டு சைக்கிள்களில் பத்துப் பத்து நிமிடம் மிதித்துப் பார்த்தார். ஒன்று நாற்பத்தொரு கலோரி என்றது. மற்றது தொண்ணூற்றாறு.

“இதுல கூடுதலா எரியுது அங்கிள்.”

“ஒரே காலு, ஒரே பத்து நிமிசம். எரிஞ்சா எனக்குத் தெரியாதா?”

இப்படி நான்கு கடைகள். ஒன்பது நாள் போனது. சாய்ந்து உட்காரும் வகை இடத்தை அடைக்கும். நாற்காலிக்கு முன்னால் வைத்து மிதிக்கும் சின்ன மிதிகட்டை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும். நிமிர்ந்து உட்காரும் வகைதான் உறுதி என்று முடிவுக்கு வந்து படத்தைக் காட்டினார்.

“இன்னும் பதினோரு நாள்தான். பொண்ணு பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருக்கீங்க,” என்றாள் செல்லாயி. படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். “நடுவுல கம்பி இருக்கே. கைலி கட்டிக்கிட்டு இதுக்கு மேல எப்படிக் காலைத் தூக்கிப் போடுறது?”

முட்டி வீங்கியதிலிருந்து அவளுக்குக் கைலி தவிர எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. பிச்சைமுத்து சக்கரத்தையும் திரையையும் சந்தேகப்பட்டிருந்தார். ஏறப்போகிறவளைப் பற்றி யோசிக்கவே இல்லை.

நடுக்கம்பி இல்லாமல் தாழ்வாக இருந்த ஒன்றை, செமோரில் துளசி என்ற பெண் பேஸ்புக்கில் போட்டிருந்தாள். வாங்கி மூன்றே மாதம், பாதி விலை. மறுநாளே போனார்.

“ஏம்மா விக்கிற?”

“துணி காயப்போடத்தான் ஆகுது அங்கிள்.”

மிதிகட்டைகளை ஆட்டினார். கவிழ்த்து அடியில் பார்த்தார்.

“இதுல உக்காந்து யாராச்சும் செத்துக்கித்துப் போனாங்களா?”

“என்னோட வைராக்கியந்தான் செத்துச்சு.”

அவர் சிரிக்கவில்லை. இருக்கையில் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியாமல் இருந்தது. அதைப் பார்த்துத்தான் பணத்தை எடுத்தார். புறப்படும்போது வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டார்.

காலையில் அவர் கடைக்குப் பசியாறப் போகும் நேரத்தில் செல்லாயி பின்னறையில் மிதித்தாள். திரும்பி வந்து திரையைப் பார்த்தால் சுற்று: பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். பேட்டரி மாற்றினார். மூன்றாம் நாளும் அதே. துளசி ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்து, கையால் மிதிகட்டையைச் சுற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. திரை சரியாக எண்ணியது. இயந்திரத்தின் மேல் தப்பில்லை என்றால் வீட்டில் இன்னும் ஒருத்திதான் பாக்கி.

“நீ ஏறுறதே இல்ல,” என்றார்.

செல்லாயி அடுப்பை அணைத்தாள்.

“ஏன், நானும் மணல் கொட்டிக்கிட்டு வந்தேன்னு நினைச்சீங்களா? வாங்க. வந்து பாருங்க.”

பிடித்துக்கொண்டு ஏறினாள். இடது காலை அழுத்தினாள். வலது மிதிகட்டை மேலேறியது, உச்சிக்குச் சற்று முன்னால் முட்டி மடங்காமல் நின்றுவிட்டது. பின்னால் உருட்டினாள். பின்பக்கமும் நின்றது. மறுபடி முன்னால். தொட்டில் ஆட்டுவதுபோல் போய்ப் போய் வந்தாள். கன்னம் நடுங்கியது, ரவிக்கையின் முதுகு நனைந்தது. திரையில் பூஜ்யம் அப்படியே இருந்தது.

“முழுசாத் தாண்டினாத்தானே அது எண்ணும்? தினமும் இருபது நிமிசம் இதுதான் செய்யுறேன்.”

பிச்சைமுத்து இருக்கையைப் பார்த்தார். சைக்கிளோடு துளசி கொடுத்த தாளில் அவள் உயரத்துக்குப் போட்டிருந்த அளவில் அவரேதான் பூட்டியிருந்தார். மடங்குகிற காலுக்கான அளவு அது. அவளை இறக்கிவிட்டு, இருக்கையை மூன்று துளை உயர்த்தினார். ஏற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவா.”

“தெரியும்.”

நான்காவது முயற்சியில் இடுப்பு ஒரு பக்கம் எழும்ப, மிதிகட்டை உச்சியைத் தாண்டியது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினாள். திரையில் ஒன்று விழுந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் தினேஸ்வரி அளவுகோலை முட்டியில் வைத்தாள்.

“தொண்ணூத்தி ஒண்ணு. மயக்க மருந்து வேணாம் ஆண்ட்டி.”

பிச்சைமுத்து முன்னால் குனிந்து அளவுகோலை உற்றுப் பார்த்து வாயைத் திறந்தார்.

“ஒண்ணும் கேக்காதீங்க,” என்றாள் செல்லாயி, செருப்பைத் தேடிக்கொண்டே.