உடற்பயிற்சிக்கு முன் ஒரு பிடி கடலை

விளையாட்டு டீச்சர் வேலை என்றால் மழை நாளில் சம்பளத்தோடு லீவு என்று நினைப்பவர்கள், ஒரு காலை வெள்ளவத்தையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து பாருங்கள். ஒரே ஒரு பிள்ளையைப் படுக்கையிலிருந்து கிளப்பப் பாடுபடும் உங்களுக்கு, ஒரு பள்ளிக்கூடம் முழுவதையும் கைகால் அசைக்கவைக்கும் என் பாடு புரியும்.

பிள்ளைகள் உடம்பை அசைக்க வேண்டும், சத்தாகச் சாப்பிட வேண்டும் என்று அரசாங்கச் சுற்றுநிருபம் வந்தது. முதல் பாடத்துக்கு முன் கால் மணி நேரம் உடற்பயிற்சிக்கு. அந்தக் கால் மணியில், கணக்குப் படிப்பிக்கும் எங்கள் சேருக்கும் ஒரு கண். கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார், அவருக்குத் திருப்தி இல்லையென்றால் நேரம் கணக்குக்குத்தான் என்று அதிபர் சொல்லிவிட்டார்.

எடை பார்த்த நாள்

முதல் வேலை உயரமும் எடையும் எடுப்பது. அளவான எடையில் இருந்த பிள்ளைகளை உற்சாகப்படுத்தலாமே என்று காலைக் கூட்டத்தில் பெயரும் எடையும் வாசித்துக் கைதட்ட வைத்தேன். மறுநாள் விடியவே ஒரு தாய், மகளைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று பதறிப்போனேன்.

"மிஸ், இத்தனை பேருக்கு முன்னால இவளின்ர எடையைச் சொல்லி நாவூறு பட்டிட்டுது, ராத்திரி பாதி இடியப்பத்தோட எழும்பிட்டாள், இனி எடை எடுத்தா என்ர காதுக்குள்ள சொல்லுங்கோ."

ரோல்ஸ் போன இடம்

அதே சுற்றுநிருபத்தால் கன்டீனிலிருந்து பொரித்ததெல்லாம் வெளியேறியது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து கன்டீன் நடத்தும் ஃபரீனா ராத்தாவின் ரோல்ஸுக்கு ஆசிரியர் அறையிலேயே அடிபிடி. இப்போது அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வாழைப்பழமும், சீவிய தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலையும். நான் தின்று பார்த்தேன், அருமை. ஆனால் இடைவேளை முடிந்த பிறகும் சட்டி குறையவில்லை. ஏன் என்று ராத்தாவைக் கேட்டேன்.

"கடலையில ஒரு குறையும் இல்ல டீச்சர், புள்ளைகள் பொட்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டு, ரோல்ஸ் மௌத்தாயிட்டா எண்டு செத்த வூட்டுல கேக்குற மாதிரி கேட்டுட்டுப் போறாங்க."

தாரணியின் வயிற்றுக்குத்து

தரம் பத்தில் படிக்கும் தாரணி ஓடினால், மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்குத்தான் ஓடுவார்கள். அப்படிப்பட்டவள் காலை உடற்பயிற்சி என்றதும் வயிற்றுக்குத்து என்று மதிலோரம் குந்திவிடுவாள். கூடவே ஒரு கூட்டமும் குந்தும். பின்னேரப் பயிற்சியில் மட்டும் ஒருவருக்கும் ஒன்றும் வராது. நேரம் பார்த்து வரும் இது என்ன நோய் என்று எனக்கு மண்டை குடைந்தது. பொய் என்றும் தோன்றவில்லை, முகம் வெளிறித்தான் இருந்தது.

ஒருநாள் நானும் பக்கத்தில் குந்தி, விடிய என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லையாம். விடியுமுன் டியூஷன், அங்கிருந்து நேரே பள்ளிக்கூடம். அம்மா கட்டிக்கொடுத்த பிட்டுப் பார்சல் இடைவேளைக்காகப் பைக்குள் கிடந்தது. மதிலோரம் இருந்த அத்தனை பேரும் அதே டியூஷன். யாரிடம் என்று கேட்டேன்.

"எங்கட கணக்கு சேரிட்டத்தான், மிஸ்."

அலுவலகத்தார் வந்த காலை

அதிபரைக் கெஞ்சி, கன்டீனை விடியவே திறக்கச் செய்தேன். முதலில் ஒரு பிடி கடலை, கொஞ்சம் ஓய்வு, பிறகு கைகால் அசைவு. தொடங்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை, அலுவலகத்தார் சொல்லாமல் வந்து நின்றார். மைதானத்தில் வாய்களைத் தவிர வேறெதுவும் அசையவில்லை. கணக்கு சேர் மாடி விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் கால் மணி போய்விட்டது என்று எனக்குக் கண் கலங்கியது.

"இதுவோ உடற்பயிற்சி?" என்றார் வந்தவர். நான் வாய் திறக்குமுன் தாரணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினாள். மதிலோரக் கூட்டம் முழுவதும் எழுந்து அவளோடு கைகளை உயர்த்தியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க, ராத்தா அவர் கையிலும் கடதாசியில் சுருட்டிய ஒரு கடலைச் சரையைக் கொடுத்தார். அவர் நின்றபடியே தின்று முடித்தார்.

"இந்த நேரத்தை ஒருத்தருக்கும் விட்டுக் குடுக்காதேங்கோ மிஸ், நானும் வெறும் வயித்தோடதான் இரத்மலானையில ரயில் ஏறினனான், இன்னுமொரு சரை கிடைக்குமோ?"

கால் மணி என்னிடமே இருக்கிறது, ஆனால் இப்போது விடியவே கன்டீன் வரிசையில் முதல் ஆளாக நிற்பவர் கணக்கு சேர். அவரும் பாவம், டியூஷனிலிருந்து நேரே வருகிறவர்தானே.