இருபது டஜன் வளையலும் ஒரு கைப்பெட்டியும்

2007-ஆம் வருடம், பொங்கல் முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஒரு காலை நேரத்தில் திருச்சி விமான நிலையத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக விமானம் ஏற வரிசையில் நின்றிருந்தேன். சொந்த ஊர் அரியலூர். வயது அப்போது நாற்பத்தாறு. அதுவரை விமானத்தைக் கழுத்தைப் பின்னால் சாய்த்துத்தான் பார்த்திருக்கிறேன்.

நான் நில அளவைத் துறையில் சர்வேயர். உடையார்பாளையம் பக்கம் முந்திரிக் காடுகளில் சங்கிலியும் டேப்புமாக அலைந்து, அண்ணன் தம்பிகளுக்கு நடுவில் கல் நடுவது என் உத்தியோகம். வரப்பு ஒரு சாண் நகர்ந்திருந்தாலும் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியது நானேதான் என்பது வேறு விஷயம். பின்னால் நீங்கள் சிரிக்கும்போது எதற்காகச் சிரிக்கிறோம் என்று தெளிவாக இருக்கட்டும் என்றுதான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை துபாயில் இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வளைகாப்பை அங்கேயே வைத்துக்கொள்வதென்று முடிவானது. எங்கள் அம்மா காலமாகி நாலு வருடம் ஆகியிருந்தது. பையனுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்பதால் என் மனைவியும் வர முடியாது. ஆக, பிறந்த வீட்டின் சார்பில் போகிற மொத்தக் கூட்டமும் நான்தான்.

தங்கை போனில் சொன்னாள்: "வேற எதுவும் தூக்கிக்கிட்டு வர வேணாம்ண்ணே. வளையலை மட்டும் உடையாம கொண்டாந்துரு. இங்கயும் கடையில கெடைக்குது. ஆனா பொறந்த வூட்டுலேர்ந்து வந்தாத்தான அது வளைகாப்பு?"

சரி என்றேன். கொஞ்சம் பொறுத்து, "நம்ம பக்கத்துலேர்ந்து பொம்பளைங்க யாரும் வரலியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பரவால்லண்ணே" என்று சொல்லிவிட்டு, அரியலூரில் வெயில் எப்படி என்று விசாரித்தாள். தை மாதத்தில் வெயிலைப் பற்றி விசாரிக்கிறவள் எதை விழுங்கிக்கொண்டு விசாரிக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

அதனால் வளையலாவது முழுசாகப் போய்ச் சேரவேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது. எங்கள் ஊர் வளையல் கடையில் இருபது டஜன் கண்ணாடி வளையல் வாங்கினோம். தங்கைக்கென்று பச்சையும் சிவப்புமாக இரண்டு டஜன் தனிக் கட்டு. மீதிப் பதினெட்டு டஜன், வருகிறவர்கள் கைக்குப் போட. விமானத்தில் கீழே போடுகிற பெட்டிகளைச் சரக்கு லாரியில் ஏற்றுவதுபோல எறிவார்கள்; அதற்குள் இதை வைக்க முடியாது. கையோடுதான் கொண்டுபோக வேண்டும்.

நான் டிக்கெட் போட்டிருந்ததோ மலிவு விலை விமானம். கைப்பெட்டி ஏழு கிலோவுக்குள், நீளம் 55, அகலம் 35, கனம் 25 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்று டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். தங்கையின் கணவர் போனில் பயமுறுத்தினார். "கவுண்டர் பக்கத்துல இரும்புல ஒரு ஃப்ரேம் வெச்சிருப்பாங்க மச்சான். அதுக்குள்ள பொட்டி எறங்கணும். எறங்கலேன்னா வாங்கிக் கீழ போட்டுருவாங்க."

கடைகளில் டேப்பை வைத்து அளந்து பார்த்தேன். சக்கரத்தைச் சேர்த்து அளப்பதா, கைப்பிடியைச் சேர்ப்பதா, உப்பலை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று ஒவ்வொரு பெட்டியும் ஒரு எல்லைத் தகராறாக இருந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவர்கள் வைத்திருப்பது போலவே ஒரு சட்டத்தை நாமும் செய்து வைத்துக்கொண்டால் என்ன?

"ஊரு காட்டையெல்லாம் அளக்குறீங்க. ஒரு பொட்டியை அளக்க ஆசாரி வேணுமா?" என்றாள் மனைவி. துறை சார்ந்த விஷயங்கள் அவளுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

தெருமுனை ஆசாரியிடம் அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, எதற்காக என்பதையும் விவரமாகச் சொன்னேன். இரண்டே நாளில் தேக்கு ரீப்பர்க் கட்டைகளை வழவழவென்று இழைத்து, திறந்த கூண்டு மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "ஒரு கொறையும் இல்லாம பண்ணிருக்கேன் சார்" என்றார். அதை நான் அளக்கவில்லை. அளவு கொடுத்தது நானாயிற்றே, என் அளவை நானே சந்தேகப்படுவதா?

அந்தக் கூண்டைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் அதை முன்னாலும் பின்னாலும் பார்த்தார்.

"சார், இதுக்கு லக்கேஜ் போடணும்."

"இது லக்கேஜ் இல்லைங்க. லக்கேஜ் சின்னதா இருக்கான்னு பார்க்குற சட்டம்."

"அதுவே இம்மாம் பெருசு இருக்கே" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பயணப் பெட்டி விற்கிற கடைக்காரர், கடையில் இருந்த எல்லாவற்றையும் தட்டிக் காட்டி "எல்லாம் பிளேன் சைஸ்தாங்க" என்றார். ஒரு ஆட்டுக்குட்டி உள்ளே படுக்கலாம்போல இருந்த ஒன்றைக்கூட அப்படித்தான் சொன்னார். நான் கூண்டைத் தரையில் வைத்தேன். பதினோரு பெட்டிகள் தோற்றன. பன்னிரண்டாவது, கருநீல நிறத்தில் கெட்டி ஓடு போட்ட பெட்டி, சக்கரம் கைப்பிடி சகிதமாக, வார்த்து எடுத்தது போல உள்ளே இறங்கியது. வேடிக்கை பார்த்த இரண்டு பேர் கைதட்டினார்கள். அன்று ஊர் திரும்பும்போது நான் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால், விமானத்தையே நான்தான் வாங்கி வருகிறேன் என்று நினைத்திருப்பீர்கள்.

இனி திருச்சி விமான நிலையம்.

கவுண்டர் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். "சார், அந்த ஃப்ரேம்ல வெச்சுக் காட்டுங்க." நான் ஒரு புன்னகையுடன் பெட்டியைத் தூக்கி இரும்புச் சட்டத்தின் மேல் வைத்தேன். அது மேலேயே உட்கார்ந்தது. லேசாக அழுத்தினேன். அப்புறம் லேசாக இல்லாமல் அழுத்தினேன். திருப்பி வைத்தேன். கெட்டி ஓட்டுப் பெட்டி, எதற்கும் வளைந்து கொடுக்கவில்லை.

சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்ன டேப்பை எடுத்து இரும்புச் சட்டத்தை அளந்தேன். ஐம்பத்தைந்து, முப்பத்தைந்து, இருபத்தைந்து. அரசாங்க அளவு போல நூல் பிடித்திருந்தது. பெட்டியை அளந்தேன். ஐம்பத்தேழு. வரிசையை விட்டு நகர்ந்து ஆசாரிக்குப் போன் போட்டேன்.

"ஆசாரி, அந்தச் சட்டத்துக்கு உள்ளளவு என்ன வெச்சீங்க?"

"நீளம் இருபத்திரெண்டரை இஞ்சி சார். உங்க சென்டிமீட்டரை இஞ்சிக்கு மாத்துனா, இருபத்தொண்ணே முக்காலுக்கும் கொஞ்சம் கம்மியா வந்துச்சு. வளைகாப்புக் காரியமாச்சே, அதுல போய்க் கொறை வைக்கலாமா? மூணு பக்கமும் கொஞ்சம் கூட்டி நெறைவா வெச்சேன்." பிறகு, "பொட்டி நல்லா எறங்குச்சுல்ல?" என்று கேட்டார்.

நன்றாக இறங்கியது என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறென்ன சொல்ல? கட்டிலோ கதவோ, நல்ல காரியத்துக்கு என்றால் அளவைக் கூட்டித்தான் வைப்பார் எங்கள் ஆசாரி, குறைக்க மாட்டார். ஊருக்கே தெரிந்த வழக்கம் அது. எனக்கும் தெரியும். என் வீட்டுக் கட்டில் வாசலில் நுழையாமல் கூரை ஓட்டைப் பிரித்து இறக்கியது.

"செக்-இன்ல போட்டுருங்க சார்" என்றாள் கவுண்டர் பெண். கண்ணாடி வளையல், வளைகாப்புக்கு என்றேன். அவள் முகத்திலும் கவலை வந்தது, ஆனால் விதி விதிதான். "வேற சின்னப் பையில மாத்தி எடுத்துக்கிட்டா பரவாயில்ல சார்." என்னிடம் இருந்தது ஒரு துணிப்பை. தரையில் மண்டியிட்டு, பெட்டியைத் திறந்து அவசரமாக ஒரு கட்டை எடுத்தேன். நூல் தளர்ந்து இரண்டு வளையல் வழுக்கி விழுந்து உடைந்தன.

வளைகாப்பு வளையல் உடைந்த சத்தம் எப்படி இருக்கும் என்று, நல்லவேளை, உங்களில் பலருக்குத் தெரியாது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒற்றை ஆளாக வருகிற அண்ணன், ஒரு பை நிறைய வளையல் தூளோடு தங்கை வாசலில் நிற்கப் போகிறான் என்ற படம்தான் கண்ணில் ஓடியது.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு அம்மா குனிந்து பார்த்தார். அறுபது வயது இருக்கும். தலையில் வெள்ளைத் துப்பட்டி. கூடவே மகளும் இரண்டு மருமகள்களும். பெரம்பலூர்ப் பக்கத்து லப்பைக்குடிக்காட்டு முஸ்லிம் குடும்பம்.

"யாருக்குத் தம்பி வளையலு?"

சொன்னேன். அம்மா இல்லாதது உட்பட எல்லாவற்றையும், கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

"ரெண்டு ஒடஞ்சா கண்ணேறு கழிஞ்சிதுன்னு வெச்சுக்க" என்றவர், என் துணிப்பையைத் தொட்டுப் பார்த்தார். "இதுலயா போடப் போற? மேல இருக்குற அந்த அறையில வெச்சியினா நம்மூரு ஆளுவ அவங்க மூட்டையைத் தூக்கி அது மேலயே எறிவாங்க. துபாய் போறதுக்குள்ள மாவாயிரும்."

"வேற வழி தெரியலைங்கம்மா."

"வளையலுக்கு எதுக்குப்பா பொட்டி? கையில கெடந்தா அது பாட்டுக்குக் கெடக்குது" என்று சொல்லிவிட்டு, முழங்கை வரை துப்பட்டியை ஒதுக்கிக் கையை நீட்டினார். "ம், போடு."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் மகளும் மருமகள்களும் தங்க வளையலை மேலே தள்ளிவிட்டுக் கை நீட்டியாயிற்று. கவுண்டர் பெண்ணைப் பார்த்தேன். "உடம்புல போட்டிருக்கிறது லக்கேஜ்ல வராது சார்" என்று, விதிப்புத்தகத்தை மனதுக்குள் ஒருமுறை புரட்டிவிட்டுச் சொன்னாள்.

நான்கு பேர் கை நிறைந்தும் மீதம் இருந்தது. அந்த அம்மா வரிசையைத் திரும்பிப் பார்த்து, சும்மா நிற்கிற கைகளை எல்லாம் கூப்பிட்டார். ஜெயங்கொண்டத்திலிருந்து வேலைக்குப் போகிற ஒரு நர்ஸ், எறையூர்ப் பக்கத்து அக்கா தங்கை இருவர், கைக்குழந்தையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்த ஒரு பெண், எங்கே போகிறேன் என்று சொல்லவே கூச்சப்பட்ட ஒரு புதுப்பெண். ஆக ஒன்பது பேர். கைக்கு ஒரு டஜன். ஒன்பதை இரண்டால் பெருக்கிப் பாருங்கள், உடைந்த இரண்டைத் தவிரப் பதினெட்டு டஜன். என் வாழ்க்கையில் இவ்வளவு சரியாக வந்த கணக்கு வேறு இல்லை.

தங்கையின் தனிக் கட்டை மட்டும் யார் கையிலும் போடக்கூடாது என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார். "அது அந்தப் புள்ளைக்கு. நீதான் சுமக்கணும்." என் கையிலோ கட்டைவிரலைத் தாண்டவில்லை. கடைசியில் என் துண்டில் இரண்டு டஜனையும் கோத்துக் கழுத்தில் கட்டிவிட்டார்கள். காலிப் பெட்டி கம்பீரமாகக் கீழே போயிற்று.

பாதுகாப்புச் சோதனையில் வடநாட்டுக் காவலர் என் கழுத்தை வெகுநேரம் பார்த்தார். "சிஸ்டர்" என்று சொல்லி வயிறு பெரிதாக இருப்பதாகக் கையால் காட்டினேன். எனக்குப் பின்னால் வந்த ஒன்பது பேரின் கைகளையும் பார்த்துவிட்டு வழிவிட்டார். இத்தனை சிஸ்டர்களா என்று நினைத்தாரோ என்னவோ.

விமானத்தில் அன்று இன்ஜின் சத்தத்தைவிட எங்கள் சத்தம்தான் அதிகம். ஒருவர் பெல்ட்டைப் போட்டால் கலகலவென்றது. ஒருவர் தலைமுடியை ஒதுக்கினால் பக்கத்தில் இரண்டு பேர் "மெல்ல, மெல்ல" என்றார்கள். நர்ஸ் பெண் இரண்டு கையையும் ஆபரேஷனுக்குப் போகிறவள் மாதிரி தூக்கி வைத்தபடியே தூங்கிவிட்டாள். உப்புமா வந்தபோது மருமகள் ஒருத்தி மாமியாருக்கு ஊட்டிவிட்டாள். "நாலு வருஷமா இதுக்குத்தான்டி காத்திருந்தேன்" என்றார் அவர். நானும் தலையைத் திருப்பாமல், கழுத்து பிடித்துக்கொண்டவன் போல நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இறங்கியதும் கழற்றி வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "இங்க வெச்சு அவசரமாக் கழட்டுனா ஒடஞ்சிரும். வெளியில போயிப் பாத்துக்கலாம்" என்று தீர்ப்பு வந்தது. அப்படியே எல்லாரும் வெளியே வந்தோம்.

வர வேண்டாம் என்று சொல்லியும் தங்கை வந்திருந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு கம்பி ஓரமாக நின்றாள். கழுத்தில் வளையல் மாலையோடு அண்ணன், அவனைச் சுற்றிக் கைநிறைய வளையலோடு ஒன்பது பெண்கள். அவள் என்னை விட்டுவிட்டு அவர்களையே பார்த்தாள்.

ஒரு பெஞ்சில் அவளை உட்காரவைத்தார்கள். "மடியை ஏந்து தாயி" என்று அந்த அம்மா முதலில் தன் கையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி அவள் மடியில் வைத்தார். "அண்ணன் ஒத்த ஆளா வர்றான்னா நெனச்ச? ஒன் பொறந்த வூட்டுலேர்ந்து எத்தனை பேரு வந்துருக்கோம், எண்ணிப் பாரு."

தங்கை எண்ணவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, அவளால் முடியவில்லை. பிறகு கடைசி இரண்டு வளையலைக் கழற்றப் போன அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதைக் கழட்டாதீங்க. வளைகாப்புக்கு வந்தவங்க வெறுங்கையோட போவக் கூடாது." ஒன்பது பேர் கையிலும் இரண்டிரண்டு வளையல் நின்றது. அவர்களை அழைத்துப்போக வந்திருந்த ஆண்கள் ஒன்றும் விளங்காமல் நின்றார்கள்.

மறுநாள் வளைகாப்பு நன்றாக நடந்தது. தங்கைக்குப் பெண் பிறந்தாள். அந்த ஒன்பது பேரில் ஒருவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் தங்கை மகள் எப்போதாவது தன் அம்மா வழிச் சொந்தத்தில் எத்தனை பேர் என்று கேட்டால், நான் இன்றைக்கும் அந்த ஒன்பது பேரையும் சேர்த்துத்தான் எண்ணிச் சொல்கிறேன்.