சினையாட்டுக்குப் பொங்கல் சோறு

வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு ஆசைப்பட்டதைக் கொடுக்க வேண்டும் என்பார்கள். சரி, கொடுங்கள். ஆனால் இது ஆடு ஐயா, ஆடு! இதை எங்கள் லைன் வீட்டு ஜனத்துக்குப் புரியவைக்க முடியாமல் எண்பதுகளில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

கல்யாணமாகி ஓசூருக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் ஷிப்டு வேலை. நான் தனியாகக் கிடக்கிறேனே என்று கல்லாவியிலிருந்து அம்மா ஒரு வெள்ளாட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனாள். அந்த ஊரில் என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. அது முதல்முறை சினையானதும் நான் பார்த்துப் பார்த்துச் செய்தேன். காலையில் சூபாபுல் தழை, மத்தியானம் கடலைக்கொடி, கடைசி மாதத்தில் ஒரு கைப்பிடி ஊறவைத்த கொள்ளு. ஓசூர் குளிருக்குப் பச்சைத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். வயிற்றில் குட்டியை வைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்காவிட்டால் எப்படி? நான் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு அதற்கு வெதுவெதுப்பாகக் காய்ச்சி வைத்தேன்.

வீட்டுக்காரரோ கேன்டீனில் மிஞ்சின சோற்றை வாளியில் தூக்கிக்கொண்டு வருவார். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா தட்டோடு வருவாள். "பாப, பசுரி! ஒரு வாய் போடறன்" என்பாள். பாவம், பிள்ளைத்தாச்சி என்று அர்த்தம். சோறு அதிகமாகப் போனால் ஆட்டுக்கு உள்ளே புளித்து வயிறு உப்பும், அசைபோடுவது நின்றுவிடும். கல்லாவியில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "வேணாம்னா வேணாம்! எடுத்துகினு போங்க!" என்று கத்துவேன். ஒருநாள் தட்டையே தட்டிவிட்டேன். கத்தக் கத்த, சினையாட்டைப் பட்டினி போடுகிற பிசினாரி என்று எனக்குப் பெயர் வந்தது.

குட்டி போடப் பத்து நாள் இருக்கையில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. "ரெண்டு நாள்ல வந்துடறன், சோறு மட்டும் போடாதீங்க" என்று வீட்டுக்காரரிடம் மூன்று தரம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

மறுநாள் ஆயுதபூஜை. கம்பெனியில் சர்க்கரைப் பொங்கல் அண்டா அண்டாவாக மிஞ்சியிருக்கிறது.

நான் திரும்பி வந்தபோது ஆடு படுத்துக் கிடந்தது. இடது பக்கம் விண்ணென்று உப்பியிருந்தது, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரை வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினால் பூஜை லீவு என்று பூட்டிக் கிடந்தது. சோடா உப்பைக் கரைத்து ஊற்றினேன், வயிற்றைத் தேய்த்தேன். சாயங்காலம் இரண்டு குட்டி விழுந்தது. இரண்டிலும் உயிர் இல்லை.

"யாரு போட்டது?" என்று வாசலில் நின்று கத்தினேன்.

"ஒரே வாளிதான் வச்சன்" என்றார் வீட்டுக்காரர். எதிர் வீட்டுக்காரி ஒரு தட்டுதான் என்றாள். கடைசி வீட்டில் ஒரே ஒரு உருண்டையாம். அட கடவுளே! ஒருத்தராவது வெறுப்பில் செய்திருந்தால் சண்டை போட்டு ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டிருப்பேன். எல்லாரும் பாசத்தில் அல்லவா ஊட்டியிருக்கிறார்கள்!

மூன்றாம் நாள் ஆடு தட்டுத்தடுமாறி எழுந்து கொஞ்சம் தண்ணீர் குடித்தது. கன்னடக்கார அம்மா வந்து அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே அழுதாள்.

"வேணாம் வேணாம்னு கத்தினியே, எதுக்கு வேணாம்னு ஒருநாளாவது சொன்னியாம்மா? நீ குடுக்க மாட்டேங்கறேன்னுதானே நாங்க போட்டோம்."

பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தேன். எவ்வளவு யோசித்தும், ஒருத்தருக்காவது காரணம் சொன்னதாக எனக்கு ஞாபகம் வரவில்லை. மடியில் பால் கட்டி ஆடு கத்திக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்து பாலைத் தரையில் பீய்ச்சிவிட்டேன்.