ஜெசிந்தா எனக்கு மட்டும் சொன்ன வருத்தம்

ஜெசிந்தா இன்று காலை போய்விட்டாள். இங்கே இத்தாலியில், பலேர்மோ ஆஸ்பத்திரியில்... நாற்பத்தேழு வயது.

ஆறு வருடமாக ஒன்றாக வீடு துப்புரவாக்கப் போன ஆட்கள் நாங்கள். இதை எழுதுகிறேன். கவலையால் மட்டுமில்லை, பயத்தாலும். அவளைக் கொண்டுபோன மார்புக் கட்டி மாதிரி ஒன்று எனக்கும் இருக்கிறது. மூன்று மாதமாக ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

போன வருடம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அமெரிக்கச் சிஞ்ஞோராவின் (இங்கே வீட்டுக்கார அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வீட்டில் வேலை கிடைத்தது. அமெரிக்கர்களை நாங்கள் படத்தில்தான் கண்டிருக்கிறோம். முதல் நாளே கை தந்து, பெயர் கேட்டு, காப்பி ஊற்றித் தந்து, அரைகுறை இத்தாலியனில் சிரித்துக்கொண்டே சொன்னார்... "எனக்கு மார்பில் கேன்சர். மருந்து ஏற்றுகிறார்கள். வாசம் கூடிய லிக்விட் மட்டும் வேண்டாம்."

வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை! எங்கள் ஆட்கள் தடிமன் காய்ச்சலைக்கூட இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஜெசிந்தாவுக்கோ புதினம் தாங்கவில்லை. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரெயில் நிலையம் வரும்வரை பஸ்ஸில் அதே கதை. "எடியே, மொட்டைத் தலையோடை ஃபேஸ்புக்கிலை படம் போட்டிருக்கிறா. ஆக்கள் ஹார்ட் போடுகினம். இவைக்கு நாவூறு கண்ணூறு ஒண்டும் இல்லையோ?"

அடுத்த கிழமை சிஞ்ஞோராவிடம் நேரே கேட்டும்விட்டாள். மகள்மார் இருக்கிறார்களா? இரண்டு பேர். கலியாணம்? இன்னும் இல்லை. தாய்க்கு இப்படியென்று தெரிந்தால் அவர்களை யார் கட்டுவார்கள்?

சிஞ்ஞோராவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அதற்கும் இதற்கும் என்ன?" என்றார். வேலை போகப்போகிறதென்ற பயத்தில் நான் ஜெசியின் காலை மிதித்தேன்.

இந்தச் சித்திரையில் ஒருநாள், அந்த வீட்டுப் பாத்ரூமைக் கழுவும்போது ஜெசி கதவைச் சாத்தினாள். என் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்தாள். கல்லு மாதிரி... ஒரு வருடமாக இருக்கிறதாம்.

"டொக்டரிட்டைப் போவம் ஜெசி."

"சும்மா இரு. என்ரை மகள் பெட்டைக்குக் கனடாவிலை கலியாணம் பேசுகினம். சரிவரட்டும், போறன். மாதாவாணை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை!"

அடுத்த அறையில் சிஞ்ஞோரா தன் கேன்சரைப் பற்றி போனில் சத்தமாகச் சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்லவில்லை. ஏன் சொல்லாமல் இருந்தேன்... விசரி, பைத்தியக்காரி நான்.

அன்று வீட்டுக்கு வந்து குளிக்கும்போது என்னையும் தடவிப் பார்த்தேன். இடது பக்கம், சின்னதாக...

போன மாதம் சம்பந்தம் சரிவந்தது. அதற்குப் பிறகுதான் ஜெசி டொக்டரிடம் போனாள். பிந்திவிட்டது என்றார்கள். ஆவணியில் கலியாணம். (ஜெசியின் பெட்டையைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்கோ அன்ரி, எல்லாத்தையும் எழுதுங்கோ" என்றாள்.)

செய்தி கேட்டும் இன்று வேலைக்குப் போனேன். வீட்டில் தனியே இருக்கப் பயம்.

சிஞ்ஞோரா வழமைபோல "எப்படி இருக்கிறாய்?" என்றார். நல்லம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஜெசியைச் சொன்னேன். சொன்ன வாயோடு என்னையும் சொல்லிவிட்டேன்.

அவர் ஐயோ என்று கத்தவில்லை. கதிரையை இழுத்து என்னை இருத்தினார். "எந்தப் பக்கம்? எத்தனை நாளாக?" என்று மீன் விலை கேட்பதுபோலக் கேட்டார். உடனே தன் டொக்டருக்கு போன் எடுத்தார். நாளை காலை ஒன்பது மணி. கூட வருகிறாராம்.

பயமாக இருக்கிறது. சத்தியமாகப் பயமாக இருக்கிறது. எனக்கும் ஒரு பெட்டை இருக்கிறாள். அவளைப் பெண் கேட்க வருகிறவர்கள் இதை வாசித்தால் வாசிக்கட்டும்.

ஜெசி... நீ எனக்காவது சொன்னாய். நான் உனக்குக்கூடச் சொல்லவில்லையடி.

போயிட்டு வா.